குடிக்கிற சலைன்

பி.காம். படித்த யாரிடமாவது மஹலனோபிஸ் யார் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம், கனரகத் தொழில்கள், நேரு - மஹலனோபிஸ் மாதிரி என்று இந்தியப் பொருளாதாரம் பேப்பருக்காக நெட்டுரு போட்டதை அப்படியே ஒப்பிப்பார்கள். அவர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ், புள்ளியியல் மேதை, கொல்கத்தாக்காரர். இந்தப் பதிவு அவரைப் பற்றியது அல்ல. பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறும் இன்னொரு கொல்கத்தாக்காரரைப் பற்றியது.

டாக்டர் திலீப் மஹலனாபிஸ். குழந்தை மருத்துவர். வாழ்நாளில் பெரும்பகுதியைக் காலராவுடனும் வயிற்றுப்போக்குடனும் மல்லுக்கட்டியே கழித்தவர். 2022 அக்டோபர் 16-ம் தேதி 87 வயதில் காலமானார். மூன்று மாதம் கழித்து, 2023 ஜனவரியில் மத்திய அரசு அவருக்கு பத்ம விபூஷண் அறிவித்தது. வாங்கிக்கொள்ளத்தான் அவர் இல்லை. ஹூம்...

நாம் மெடிக்கல் ஷாப்பில் போகிற போக்கில் வாங்கி வருகிறோமே ஓஆர்எஸ் பாக்கெட், அதன் பின்னால் இருப்பவர்களில் முக்கியமானவர் இவர். இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உப்பு சர்க்கரைத் தண்ணீரை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது அவருக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். தெரிந்த ஒரு சங்கதியை, டாக்டரும் நர்சும் இல்லாத இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களின் கையில் கொடுத்து வேலை செய்ய வைக்கலாம் என்று காட்டினார். இருபது வருடமாக கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஜனங்களிடம் எதையாவது விளக்கிக்கொண்டே இருப்பவன் நான் (அவர்களுக்குப் புரிந்ததா என்பது வேறு விஷயம் :-)). அதனால் எனக்கு அவருடைய மருத்துவத்தைவிட அதைச் சொன்ன விதம்தான் பெரிதாகப் படுகிறது.

காலராவும் கல்கத்தாவும்

இந்த ஊருக்கும் காலராவுக்கும் பழைய பந்தம். ஜெர்மனியின் ராபர்ட் காக் 1884-ல் காலராக் கிருமியை இங்கே வைத்துத்தான் உறுதி செய்தார். அந்தக் கிருமி சுரக்கும் நச்சுதான் வில்லன் என்று 1959-ல் சோதனை செய்து காட்டியவர் இந்த ஊர் சம்பு நாத் டே. நம் பக்கம் அம்மைக்கு மாரியம்மன் மாதிரி, வங்காள கிராமங்களில் காலராவுக்கென்றே ஓலாபீபி என்று ஒரு தெய்வம் உண்டு. இந்துக்கள், முஸ்லிம்கள் இரண்டு பேருமே கும்பிடுவார்கள். வாந்திபேதிக்கு ஜாதி மதம் ஏது?

காலராவில் ஆளைக் கொல்வது கிருமி அல்ல, வறட்சி. கடுமையாகத் தாக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூடத் தண்ணீரும் உப்பும் உடம்பை விட்டு வெளியேறும். காலையில் நடமாடியவர் ராத்திரி இருக்க மாட்டார். வெறும் தண்ணீரை எவ்வளவு கொடுத்தாலும் குடல் அதை உள்ளே வாங்காது. அதனால்தான் நரம்பில் ஊசி குத்தி சலைன் ஏற்றுவது ஒன்றே வழி என்று வைத்திருந்தார்கள்.

ஆனால் குடலில் ஒரு சின்ன வழி மட்டும் மூடாமல் இருக்கிறது. எங்கள் பாஷையில் சொல்கிறேன். கிளையில் கவுண்டரெல்லாம் மூடிவிட்டார்கள். வாசலில் இருக்கும் டெபாசிட் மெஷின் மட்டும் வேலை செய்கிறது. பணத்தோடு போனால் மட்டும் போதாது, கார்டும் இருந்தால்தான் மெஷின் பணத்தை உள்ளே இழுக்கும். இங்கே உப்புதான் பணம், சர்க்கரைதான் கார்டு. சர்க்கரையோடு சேர்ந்து போனால் குடல் உப்பை உள்ளே வாங்கிக்கொள்ளும். உப்பு போன வழியே தண்ணீரும் பின்னாலேயே போய்விடும். அவ்வளவுதான் சூட்சுமம். அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

1960-ல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் இந்த ஏற்பாட்டை விளக்கினார். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் காலரா நோயாளிகளிடம் இது பலிப்பதைக் காட்டினார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1953-ல், கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை 186 பேருக்குக் கொடுத்துப் பார்த்து லான்செட் பத்திரிகையில் எழுதியிருந்தார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆக, 1971 வாக்கில் அறிவு இருந்தது. ஆனால் அது ஆராய்ச்சி வார்டுக்குள் இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் நின்று, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்துகொண்டே கொடுக்க வேண்டிய சிகிச்சை என்றுதான் நினைத்திருந்தார்கள்.

பங்காவ், 1971

சியால்டாவில் லோக்கல் ரயில் பிடித்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பங்காவ் (வங்காளிகள் வாயில் பொங்காவ்). கொஞ்சம் தள்ளினால் பெட்ராபோல், அதற்கு அப்புறம் பங்களாதேஷ். கிளை ஆய்வுக்காக நான் போனபோது வழக்கமான எல்லை ஊராகத்தான் தெரிந்தது. லாரி வரிசை, பணம் மாற்றும் கடைகள், சைக்கிள் ரிக்ஷாக்கள்.

1971-ல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து சுமார் 1 கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். பங்காவ் முகாமில் மட்டும் சுமார் மூன்றரை லட்சம் பேர். மழைக்காலம், சேறு, நல்ல தண்ணீர் கிடையாது. காலரா வராமல் என்ன செய்யும்?

அப்போது மஹலனாபிஸ் கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பங்காவ் மருத்துவமனைக்கு அவரை அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் இரண்டே அறைகள். தரை முழுக்க நோயாளிகள். சலைன் ஏற்ற வேண்டுமென்றால் அவர்களுடைய மலத்திலும் வாந்தியிலும் மண்டி போட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் நினைவுகூர்ந்தார். வந்து 48 மணி நேரத்துக்குள் அவருக்கு ஒன்று தெரிந்துபோனது. சலைன் பாட்டில் போதாது. ஏற்றத் தெரிந்தவர்கள் அவருடைய குழுவில் இரண்டே பேர். இப்படியே போனால் தோல்வி நிச்சயம்.

கணக்குப் பார்க்கிறவனாக இந்த இடத்தை யோசித்துப் பார்க்கிறேன். கையிருப்பு இவ்வளவு, தேவை இவ்வளவு. இடைவெளியை அடைக்க வழியே இல்லை. நம்மில் பலர் என்ன செய்வோம்? மேலே கடிதம் எழுதுவோம். "ஆட்கள் பற்றாக்குறை, உடனடி நடவடிக்கை தேவை" என்று எழுதி நகல் வைத்துக்கொள்வோம் :-(

அவர் கல்கத்தா மையத்தின் நூலக அறையில் ஒரு சின்ன உற்பத்திக்கூடம் போட வைத்தார். 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. இது ஒரு லிட்டருக்கு. அளந்து பாலிதீன் பைகளில் போட்டு, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வாயை ஒட்டி எல்லைக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் வைத்த ட்ரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ மக்கில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. மயங்கிக் கிடக்கிற மோசமான கேசுகளுக்கு மட்டும் நரம்பில் சலைன். அவர்களும் கொஞ்சம் தெளிந்ததும் மக்குக்கு மாறிவிட வேண்டியது.

அதற்கு முன் முகாமில் காலரா கண்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். மக் சிகிச்சை பெற்றவர்களில் இறந்தவர்கள் 3.6 சதவீதம். இதை அவர்கள் எழுதிய கட்டுரை 1973-ல் வெளிவந்தது.

எங்கள் கிளையில் தலைமைக் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற தாதா ஒருவர் பங்காவ்காரர். 1971-ல் அவருக்கு எட்டு வயது. ஜெஸ்ஸோர் பக்கமிருந்து அவருடைய மாஷி குடும்பம் (சித்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்) இவர்கள் வீட்டு முற்றத்தில் வந்து தங்கியிருக்கிறது. மாஷியின் பெண் குழந்தைக்குக் காலரா. மாஷி ராத்திரி முழுக்க ட்ரம்முக்கும் குழந்தைக்குமாக நடந்தாளாம். அந்தக் குழந்தை பிழைத்து, இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. "அந்த வருஷம் எங்க ஊர்ல யாரும் டாக்டரைத் தேடல சார். காலி மக் எங்கே இருக்குன்னுதான் தேடினோம்" என்றார்.

பேரில் என்ன இருக்கிறது?

எல்லாம் இருக்கிறது என்கிறேன் நான்.

நினைத்துப் பாருங்கள். பிள்ளை கண் செருகிக் கிடக்கிறது. பக்கத்துப் பாயில் ஒருவருக்கு பாட்டில் தொங்குகிறது. உன் பிள்ளைக்கு மட்டும் உப்புத் தண்ணீர் கொடு என்றால் எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? ஏழை என்பதால் ஏமாற்றுகிறார்கள் என்றுதானே தோன்றும்?

மஹலனாபிஸ் குழு அதை உப்புத் தண்ணீர் என்று சொல்லவில்லை. "வாய்வழி சலைன்" என்றார்கள். சலைன் உயிரைக் காப்பாற்றும் என்பது ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதே சலைன்தான், ஊசி வழியாக இல்லாமல் வாய் வழியாக. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஜனங்களிடம் ஏற்கெனவே இருந்த நம்பிக்கையின் மேலேயே புது விஷயத்தைத் தூக்கி வைத்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கும் பங்களாதேஷில் ஓஆர்எஸ்ஸுக்குப் பெயர் "காபார் ஸலைன்", சாப்பிடுகிற சலைன்.

அதோடு விடவில்லை. உப்பும் குளுக்கோசும் எப்படிக் கலப்பது என்று துண்டுப் பிரசுரம் அடித்து எல்லை நெடுகக் கொடுத்தார்கள். பங்களாதேஷ் விடுதலைக்காரர்களின் ரகசிய வானொலியில் செய்முறை ஒலிபரப்பானது. போர் நடந்துகொண்டிருக்கும்போது ரகசிய வானொலியில் மருந்துக் குறிப்பு!

உலக சுகாதார நிறுவனத்தின் திமான் பருவா என்ற மருத்துவர் முகாமுக்கு வந்து நேரில் பார்த்தார். பின்னாளில் இந்தச் சிகிச்சையை உலகத்துக்குக் கொண்டுபோனதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1978-ல் லான்செட் தலையங்கம் இதை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. 1953-ல் ஒருவரும் திரும்பிப் பார்க்காத அதே உப்பு, அதே சர்க்கரை.

ஒரு கணக்காளர் செய்த காரியம்

இதற்கு அடுத்த கட்டம் எங்கள் துறை ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பங்களாதேஷின் பிராக் தொண்டு நிறுவனத்தை 1972-ல் ஆரம்பித்த ஃபஸ்லே ஹசன் ஆபெத் டாக்டர் அல்ல. லண்டனில் காஸ்ட் அக்கவுண்டன்சி படித்து, ஷெல் எண்ணெய் கம்பெனியில் நிதிப் பிரிவில் இருந்தவர். (பி.காம். கூட்டமே, ஒரு முறை கைதட்டிக்கொள்ளுங்கள்.)

நாடு முழுக்கக் கொடுக்கப் பாக்கெட் கிடையாது. எனவே 1980 முதல் பத்து வருடம் பிராக் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களுக்கு வீட்டிலேயே செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று விரலால் எடுக்கிற ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தராசு வேண்டாம், டம்ளர் அளவு வேண்டாம். அளவுகோல் அவளுடைய கையிலேயே இருக்கிறது. மொத்தம் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள்.

ஊழியர்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை வைத்து அல்ல. சில நாள் கழித்து வேறொருவர் மாதிரிக்குச் சில வீடுகளுக்குப் போவார். "உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள், செய்து காட்டு" என்று அந்தத் தாயைக் கேட்பார். அவளுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அவள் கலந்த தண்ணீரில் உப்பு எவ்வளவு சரியாக இருக்கிறதோ, அதற்கேற்பத்தான் ஊழியருக்குக் கூலி. சொன்னதற்குச் சம்பளம் இல்லை, கேட்டவருக்குப் புரிந்ததற்குச் சம்பளம்!

இதைப் படித்தபோது எங்கள் விழிப்புணர்வு முகாம்கள்தான் ஞாபகம் வந்தன. எந்த வங்கியாக இருந்தாலும் சரி. எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நோட்டீஸ், எத்தனை போட்டோ என்று மேலே அறிக்கை போகும். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பேனர் கட்டியாகிவிட்டது. ஒரு மாதம் கழித்து அந்த ஊருக்குத் திரும்பப் போய், "பாட்டி, ஒருத்தன் போன் பண்ணி நம்பர் கேட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டுப் பார்த்துச் சம்பளம் கொடுத்தால் எங்களில் எத்தனை பேர் வீட்டில் அடுப்பெரியும் என்று தெரியவில்லை :-)

பிராக்கும் ஆரம்பத்திலேயே ஜெயித்துவிடவில்லை. தாய்மார்கள் பத்து கேள்விக்கும் பதில் சொன்னார்கள், சரியாகவும் கலந்தார்கள். ஆனால் பிள்ளைக்குப் பேதி வந்தால் கொடுக்கவில்லை! ஏன் என்று துருவியபோது ஒரு உண்மை வெளியே வந்தது. சொல்லிக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்கு வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். உடனே அவர்களை டாக்காவில் இருந்த ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், அந்தத் தண்ணீர் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். இன்னொன்று, வீட்டு ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களிடம் மட்டும் பேசியது. அதனால் சந்தையிலும் மசூதியிலும் ஆண்களிடமும் பேச ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் பிடித்துக்கொண்டது.

நம் கதை

1980-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க வருடத்துக்கு நாற்பது, ஐம்பது லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தார்கள். இன்று அது நாலரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடிநீர், தடுப்பூசி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஓஆர்எஸ்ஸுக்குப் பெரிய பங்கு. ஆனால் நாலரை லட்சம் என்பது சின்ன எண்ணா என்ன?

ஓஆர்எஸ் பிறந்து வளர்ந்த நம் நாட்டில், 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, வயிற்றுப்போக்கு கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 60.6 சதவீதம் பேருக்குத்தான் ஓஆர்எஸ் கிடைத்திருக்கிறது. பத்தில் நாலு குழந்தைக்கு இல்லை. விலை சில ரூபாய். கிடைக்காத மருந்துக்கடை இல்லை. பிறகு ஏன்?

2024 பிப்ரவரியில் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. கர்நாடகாவிலும் பீகாரிலும் 253 ஊர்களில், குழந்தைக்குப் பேதி என்று சொல்லி ஆட்களை நோயாளியின் அப்பா மாதிரி நடிக்க வைத்து டாக்டர்களிடமும் மருந்துக்கடைகளிலும் அனுப்பினார்கள். ஓஆர்எஸ் எழுதித்தராததற்குக் காரணம் மருந்து இருப்பில்லாததா? 6 சதவீதம்தான். மற்ற மருந்தில் லாபம் அதிகம் என்பதா? 5 சதவீதம். மிகப் பெரிய காரணம், 42 சதவீதம், "இவர்களுக்கு ஓஆர்எஸ் பிடிக்காது" என்று டாக்டர் தானாகவே நினைத்துக்கொள்வது! வந்தவர் வாயைத் திறந்து ஓஆர்எஸ் கேட்டால், எழுதித்தருவது 27 சதவீதப் புள்ளிகள் கூடியது.

அதாவது டாக்டருக்குத் தெரியும், கேட்டால் தருவார். நாம் கேட்போம் என்று அவர் நினைப்பதில்லை. அவர் தராததால் அது அவ்வளவு முக்கியமில்லை போல என்று நாம் நினைக்கிறோம். விஞ்ஞானம் இரண்டு பேருக்கும் நடுவில் மேஜை மேல் கிடக்கிறது.

இதை என் வீட்டிலேயே பார்த்தேன். ஒரு ஜூலை மழையில் பையனுக்கு (அப்போது நாலாம் வகுப்பு) ராத்திரியிலிருந்து வாந்தியும் பேதியும். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த சமயம். பக்கத்துக் கிளினிக்கில் வயதான வங்காளி டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட் எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "ட்ரிப் வேண்டுமா?" என்றார். ஏன் டாக்டர் என்று கேட்டால், "தேவையில்லை. ஆனால் வெறும் பாக்கெட்டோடு அனுப்பினால் ஜனங்கள் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விடுகிறார்கள்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தார். "என்னப்பா டாக்டரு இவரு? ஒரு ஊசி கூடப் போடல. நம்மூர்ல இந்நேரம் குளுக்கோஸ் ஏத்தி புள்ள எந்திரிச்சு உக்காந்திருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கமணி முந்திக்கொண்டார். "அத்தை, இதுவும் அதே குளுக்கோஸ்தான். கையில குத்தி ஏத்தறதுக்குப் பதிலா வாய் வழியா ஏத்தச் சொல்லியிருக்கார். கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணுமாம். நீங்க உக்காந்து ஏத்துறீங்களா?"

தங்கமணிக்கு மஹலனாபிஸ் யாரென்று அன்றைக்குத் தெரியாது. பங்காவில் "வாய்வழி சலைன்" என்று சொன்னது அந்த நிமிடம் சமையலறையில் "வாய் வழியா குளுக்கோஸ்" ஆகிவிட்டது. அம்மா முகம் மாறியதைப் பார்த்தேன். ஸ்பூனை எடுத்துக்கொண்டு பேரன் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவன் வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஒரு ஸ்பூன். "அப்பத்தா, போதும்" என்றால், "இன்னும் பாட்டில் முடியலடா ராசா" என்பார். இல்லாத பாட்டில்! விடிகாலை ஐந்து மணிக்கு அவன் சிறுநீர் கழித்தான். எட்டு மணிக்கு இட்லி கேட்டான்.

இதில் கவனிக்க வேண்டியது, அம்மாவுக்கு அறிவு இல்லாமல் இல்லை. நாங்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வயிற்றுக்குச் சரியில்லை என்றால் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர்தான் கொடுப்பார். நடுவில் யாரோ அவரிடம், அதெல்லாம் வைத்தியமில்லை, பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் என்று ஆக்கிவிட்டார்கள். கஞ்சி பழசு என்று ஒதுக்க வேண்டியதும் இல்லை. அரிசி மாவில் ஓஆர்எஸ் செய்து டாக்காவில் ஆராய்ந்திருக்கிறார்கள். எளிதில் செரிக்காத மாவுச்சத்தை ஓஆர்எஸ்ஸில் சேர்த்தால் காலரா நோயாளிகளுக்கு நல்ல பலன் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2000-ல் உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

பேரைத் திருடினால்?

நல்ல பேர் உயிரைக் காப்பாற்றும் என்றால், அதே பேரை வைத்து வியாபாரமும் செய்யலாம் அல்லவா? டெட்ரா பேக்குகளில் ஆரஞ்சு, ஆப்பிள் வாசனையோடு, பெயரில் மட்டும் ஓஆர்எஸ் எழுத்துக்களைத் தாங்கிய சர்க்கரைப் பானங்கள் வருடக்கணக்கில் மருந்துக்கடைகளிலேயே விற்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2002 சூத்திரத்தில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அதைப் போலப் பல மடங்கு சர்க்கரை உள்ளே போனால் குடல் தண்ணீரை வாங்காது, இருக்கிற தண்ணீரையும் வெளியே இழுக்கும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதற்காகப் பல வருடம் தனியாளாகப் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில், உணவுப் பொருட்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. மூன்றெழுத்துக்காக எதற்கு இவ்வளவு சண்டை என்று யாராவது கேட்டால் பங்காவ் கதையைச் சொல்லுங்கள்.

மஹலனாபிஸ் பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்திலும் டாக்கா ஆய்வு மையத்திலும் வேலை பார்த்துவிட்டுக் கொல்கத்தாவுக்கே திரும்பினார். தான் தொழில் தொடங்கிய குழந்தைகள் மருத்துவ நிலையத்துக்குச் சேமிப்பிலிருந்து 1 கோடி ரூபாய் கொடுத்தார். இந்த ஊரிலேயே பல பேருக்கு அவரைத் தெரியாது. பரவாயில்லை, அவருடைய பேர் தெரிய வேண்டியதில்லை. பாக்கெட்டைக் கேட்டு வாங்கத் தெரிந்தால் போதும்.

பாஷை தெரியாத ஊரில் குழந்தை குட்டிகளோடு இருக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். மராத்தியோ வங்காளமோ ஹிந்தியோ தெரியாவிட்டாலும் டாக்டர் முன்னால் "ஓஆர்எஸ்" என்று சொல்ல மொழி வேண்டாம். ட்ரிப் ஏற்றவில்லையா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். ஊரிலிருந்து வரும் அம்மா, மாமியாரிடம் "வாய் வழியா குளுக்கோஸ்" என்று சொல்லிவிட்டு ஸ்பூனை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பி.கு: நான் டாக்டர் இல்லை, பாக்கெட் பின்னால் எழுதியிருப்பதையும் டாக்டர்கள் சொல்வதையும்தான் இங்கே தருகிறேன். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கலக்க வேண்டும். பாதிப் பாதியாகப் பிரிக்கக் கூடாது, மேலே சர்க்கரை, ஜூஸ் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பெரிய குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம், குடிக்கவே முடியாத நிலை, மயக்கம், குழி விழுந்த கண், பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை இதில் எது இருந்தாலும் ஸ்பூனோடு உட்கார வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.